அந்த ஊசி அம்மாவின் மூளைக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. ஒன்றரை வருடமாக மறதி. அல்சைமர், ஆரம்ப நிலை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. ஒரு சிகிச்சை மையத்தில் விசாரித்தோம். அம்மாவின் இடுப்பெலும்பிலிருந்தே மீசென்கைமல் ஸ்டெம் செல் எடுத்து, பெருக்கி, ரத்தக் குழாய் வழியாகவும் முதுகுத்தண்டு வழியாகவும் மூன்று தவணையாகச் செலுத்துவார்களாம். அவை மூளைக்குப் போய்ப் புது நரம்பு செல்லாக மாறும், சொந்த செல் என்பதால் பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். நானும் தேடிப் படித்தேன். மூளைக்குள்ளேயே இந்த செல்கள் இருக்கின்றன என்று ஒரு கட்டுரை, மூளைப் புற்றுநோயை இவைதான் வளர்க்கின்றன என்று இன்னொரு கட்டுரை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றால் அது ஏன் அம்மாவைச் சரிசெய்யவில்லை? இது நல்ல செல்லா, கெட்ட செல்லா? சேமிப்பு முழுவதும் போனாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். தேதி போய்விடும், இடம் போய்விடும் என்று அவர்கள் அவசரப்படுத்தினாலும் கட்டாதீர்கள். ஆரம்ப நிலை அல்சைமரில் ஒரு வாரமோ ஒரு மாதமோ யோசிப்பதால் அம்மாவுக்கு எந்த நஷ்டமும் வராது. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஏன் சரிசெய்யவில்லை" என்ற உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. அந்த மையத்தில் யாராவது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

முதலில் இந்தப் பெயர். பாதிக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 1960, 70-களில் சோவியத் ஒன்றியத்தில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் எலும்பு மஜ்ஜையைத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, ரத்த செல்களெல்லாம் மிதந்துகொண்டிருக்க, ஒரு சிறு கூட்டம் மட்டும் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக வளர்வதைக் கவனித்தார். அவற்றிலிருந்து எலும்பு உண்டாக்க முடிந்தது. அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் 1991-ல் அவற்றுக்கு மீசென்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு இவற்றை அடையாளம் காண மூன்று விதிகள் சொன்னது: தட்டில் ஒட்ட வேண்டும், மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற புரதங்கள் இருக்க வேண்டும், ரத்த செல்லுக்கு உரிய அடையாளங்கள் இருக்கக் கூடாது, அப்புறம் தட்டில் தூண்டினால் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாற வேண்டும். இந்தப் பட்டியலைத் திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள். நரம்பு செல் அதில் இல்லை.

நான் நரம்பியல் படிக்கப் போவதற்கு முன் இரண்டு வருடம் இந்த செல்களை வளர்த்திருக்கிறேன். நுண்ணோக்கியில் பார்த்தால் நீளமாக, இரண்டு முனையும் கூராக, கதிர் மாதிரி இருக்கும். தட்டு நிறைய நிறைய ஒரே திசையில் திரும்பி, மீன் கூட்டம் சுழல்வது மாதிரி படர்ந்து கிடக்கும். ஊட்டத் திரவத்தை மாற்றி மூன்று வாரம் வைத்திருந்தால் அதே செல்லின் வயிற்றில் எண்ணெய்த் துளிகள் திரளும், சாயம் விட்டால் சிவப்புச் சிவப்பாகத் தெரியும். அதுதான் கொழுப்பு செல். பார்க்க அழகாக இருக்கும், இந்த செல்லால் எதுவும் முடியும் என்ற நம்பிக்கை அந்த இடத்தில்தான் வருகிறது.

அந்த நம்பிக்கையில்தான் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெரிய பரபரப்பு எழுந்தது. மஜ்ஜை செல்லுக்கு ஒரு ரசாயனக் கலவையைக் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே அது நரம்பு செல் போலக் கிளை விடுகிறது என்று ஆய்வுகள் வெளிவந்தன. சில மணி நேரத்தில்! நான்கு வருடம் கழித்து வேறு குழுக்கள் அதே சோதனையைப் படமெடுத்துக் கவனித்தபோது, செல் கிளை விடவில்லை, ரசாயனம் தாங்காமல் உள்சட்டகம் குலைந்து உடம்பு சுருங்குகிறது, அப்படிச் சுருங்கும்போது ஓரங்கள் மட்டும் தட்டில் ஒட்டியபடி நூலாக நீண்டு நிற்கின்றன, அதைத்தான் கிளை என்று நினைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. எலிகளில் மஜ்ஜை செல் மூளைக்குப் போய் நியூரான், அதாவது நரம்பு செல், ஆகிவிட்டது என்று சொன்ன சில ஆய்வுகளிலும், ஏற்கெனவே இருந்த நியூரானோடு ஒட்டி ஒன்றாகிவிட்ட செல்லைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று 2003-ல் தெரியவந்தது. உங்களிடம் அந்த மையம் சொன்ன "புது நரம்பு செல்லாக மாறும்" என்ற வாக்கியம், இருபது வருடத்துக்கு முன் கைவிடப்பட்ட அந்த நம்பிக்கையின் மிச்சம். பெயர் வைத்த கேப்லனே 2017-ல், இவற்றை ஸ்டெம் செல் என்று அழைப்பதை நிறுத்துங்கள், மக்கள் ஏமாறுகிறார்கள், இவை சமிக்ஞை அனுப்பும் மருந்து செல்கள் மட்டுமே என்று எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே மாற்றச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, மூளைக்குள் இருப்பவை எவை?

மூளையின் ரத்த நுண்குழாய்களைப் பற்றித் தெரிந்தால்தான் இது புரியும். ஒரு மனிதனின் மூளையில் இருக்கும் நுண்குழாய்களை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் 600 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கிற மூளை, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் இந்த வலை இல்லாமல் அது சில நிமிடம்கூடத் தாங்காது. இந்த நுண்குழாய்களின் வெளிச்சுவரைத் தழுவிக்கொண்டு ஒரு வகை செல் உட்கார்ந்திருக்கிறது. பெரிசைட் என்று பெயர். 1873-லேயே பிரான்சின் ஷார்ல் ரூஜே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். குழாய்களுக்கு ஒரு நிறமும் பெரிசைட்டுக்கு இன்னொரு நிறமும் ஏற்றிப் பார்த்தால், கொடியில் கணு புடைத்திருப்பது மாதிரி குழாயின் மேல் அங்கங்கே ஒரு சிறு மேடு தெரியும். அந்த மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் நீளமான மெல்லிய கைகள் குழாயைச் சுற்றியபடி ஓடும். ஒன்றின் கை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் அடுத்ததன் கை தொடங்கும், ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. எலி மூளையில் ஒரு பெரிசைட்டை மட்டும் லேசரால் அழித்துவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவை அடுத்த சில நாட்களில் தம் கைகளை நீட்டி அந்தக் காலி இடத்தை மூடிவிடுகின்றன. வயதான எலியில் இந்த நீட்டல் மெதுவாக நடக்கிறது. அம்மாவைப் பற்றி யோசிக்கும்போது இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் உடம்பின் பல உறுப்புகளிலிருந்து பெரிசைட்டைப் பிரித்து வளர்த்தபோது அவை அச்சு அசல் மீசென்கைமல் ஸ்டெம் செல் மாதிரியே நடந்துகொண்டன. 2012-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, வளர்ந்த மனிதர்களின் மூளைத் திசுவில், மேலடுக்கான புறணியிலிருந்தும், உள்ளே திரவம் நிற்கும் அறையின் சுவரிலிருந்தும், இப்படிப்பட்ட செல்களைப் பிரித்தெடுத்துக் காட்டியது. நீங்கள் படித்த முதல் கட்டுரை இதன் வழியில் வந்ததாகத்தான் இருக்கும். தட்டில் அவை கொழுப்பாகவும் எலும்பாகவும் மட்டுமல்ல, நரம்புத் திசுவின் சாயலுள்ள செல்லாகவும் மாறின. நேர்மையான, நல்ல ஆய்வு அது. ஆனால் தட்டில் நடந்தது அது. 2017-ல் இன்னொரு குழு எலிகளின் பெரிசைட்டுகளுக்கு அழியாத மரபணு அடையாளம் போட்டு, மூளை உட்பட நான்கு உறுப்புகளில், வயதாகும்போதும் காயம் படும்போதும் அவை என்னவாகின்றன என்று தொடர்ந்து பார்த்தது. பெரிசைட்டுகள் பெரிசைட்டுகளாகவே இருந்தன. நியூரான் ஆகவில்லை, கொழுப்பும் ஆகவில்லை. தட்டுக்கு எடுத்து வந்து, வேறு உணவு கொடுத்து, பக்கத்து செல்களை எல்லாம் விலக்கிவிட்டால்தான் அந்தத் திறன் வெளிவருகிறது. இந்த முடிவு எல்லா உறுப்புகளுக்கும் எல்லா நிலைகளுக்கும் பொருந்துமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதுவே பெரும்பகுதிப் பதில். உள்ளே இருப்பவை மூளையைப் புதிதாகக் கட்டும் விதைகள் இல்லை. குழாயைக் காவல் காப்பவை. அவற்றின் வேலையே வேறு.

அந்த வேலை என்ன என்று பார்த்தால்தான் நோயில் இவற்றின் பங்கு விளங்கும். ரத்தத்தில் இருக்கும் எல்லாமும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது, ரத்த-மூளைத் தடுப்பு என்று ஒரு இறுக்கமான சுவர் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சுவரை இறுக்கமாக வைத்திருப்பதே பெரிசைட்தான் என்று 2010-ல் ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் காட்டின. பெரிசைட் குறைந்த எலிகளில் தடுப்பு கசிந்தது, ரத்தப் புரதங்கள் மூளைக்குள் இறங்கின. உடம்பின் தசை நுண்குழாய்களில் நூறு சுவர் செல்லுக்கு ஒரு பெரிசைட் என்ற கணக்கு, மூளையில் ஒன்றுக்கு ஒன்று முதல் மூன்றுக்கு ஒன்று வரை. மூளை இவ்வளவு நெருக்கமாகக் காவல் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அல்சைமரில் என்ன நடக்கிறது? 2019-ல் லண்டனில் டேவிட் அட்வெல் குழு, அறிவாற்றல் குறைந்து, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் சேர்ந்திருந்த நோயாளிகளின் மூளைத் திசுவை எடுத்து நுண்குழாய்களை அளந்தது. பெரிசைட்டின் உடல் உட்கார்ந்திருக்கும் இடங்களில் மட்டும் குழாய் குறுகியிருந்தது. அமிலாய்டு அதிகமான இடத்தில் இன்னும் குறுகல். அமிலாய்டு தூண்டிவிடும் ரசாயனங்கள் பெரிசைட்டை இறுகப் பிடிக்க வைக்கின்றன, அந்தக் குழாய் ஊட்டும் நியூரான்களுக்கு ரத்தம் குறைகிறது. பக்கவாதத்தில் இதன் கொடுமையான வடிவத்தைப் பார்க்கலாம். ரத்தம் நின்றதும் பெரிசைட்டுகள் இறுகுகின்றன, இறுகிய நிலையிலேயே சாகின்றன. செத்த கை தளர்வதில்லை. அதனால்தான் அடைப்பை எடுத்துப் பெரிய குழாயைத் திறந்த பிறகும் சில நேரம் நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவதில்லை. பக்கவாத வார்டில் ஸ்கேன் படத்தில் குழாய் திறந்திருக்க, நோயாளியின் கை அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த இரவுகள் எனக்கு உண்டு. அதற்கு ஒரு காரணம் இவ்வளவு சின்ன செல்லில் இருக்கலாம் என்று 2014-ல் படித்தபோது அன்று முழுவதும் அதே நினைப்பாக இருந்தது.

காயத்தில் இவை வேறு வேலை செய்கின்றன. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு 2011-ல், முதுகுத்தண்டு காயத்தின் நடுவில் உருவாகும் வடுவின் பெரும்பகுதி ஒரு வகைப் பெரிசைட்டிலிருந்தே வருகிறது என்று எலியில் காட்டியது. அந்த செல்களைத் தடுத்துவிட்டால் காயம் மூடாமல் திறந்தே இருந்தது. ஆனால் 2018-ல் அதே குழு, முழுவதும் தடுக்காமல் கொஞ்சம் மட்டும் குறைத்துப் பார்த்தபோது நரம்பு இழைகள் வடுவுக்குள் வளர்ந்தன, எலியின் நடையும் ஓரளவு தேறியது. ஒரே செல்தான், இல்லாமல் போனால் காயம் ஆறாது, அதிகமாக இருந்தால் நரம்பு வளராது. நல்ல செல்லா, கெட்ட செல்லா என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை.

புற்றுநோய் விஷயம் உண்மைதான், ஆனால் நீங்கள் பயந்த மாதிரி இல்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைக் கட்டிக்குள் மீசென்கைமல் வகை செல்கள் இருக்கின்றன. 2015-ல் டெக்சாஸில் ஒரு குழு நோயாளிகளின் கட்டியிலிருந்தே அவற்றைப் பிரித்து, அவை வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் புற்றுநோய் ஸ்டெம் செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது என்று காட்டியது. அதற்கு முன்பே 2013-ல், கட்டியின் ஸ்டெம் செல்களே பெரிசைட்டாக மாறித் தங்களுக்கு வேண்டிய ரத்தக் குழாய்களைத் தாங்கிக்கொள்கின்றன என்று இன்னொரு ஆய்வு சொல்லியிருந்தது. ஆக, சாதாரண மூளையில் இருக்கும் பெரிசைட் திடீரென்று புற்றுநோயை உண்டாக்குகிறது என்று யாரும் காட்டவில்லை. கட்டி ஒன்று வந்துவிட்டால் அது தன் பக்கத்தில் இருக்கிற எல்லோரையும் வேலைக்கு இழுப்பது போல இவற்றையும் இழுத்துக்கொள்கிறது. கட்டியை நோக்கிப் போகும் இந்த இயல்பையே பயன்படுத்தி, கட்டியைத் தாக்கும் வைரஸை இந்த செல்களில் ஏற்றி அனுப்பிப் பார்க்கும் ஆரம்பக்கட்ட ஆய்வும் நடக்கிறது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்தி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த செல்லின் குணம். அமிலாய்டு பக்கத்தில் இருந்தால் இறுக்குகிறது, காயம் இருந்தால் வடு போடுகிறது, கட்டி இருந்தால் கட்டிக்கு ஊட்டுகிறது. இப்போது யோசியுங்கள், கோடிக்கணக்கில் இதை வெளியிலிருந்து ஒரு நோயுற்ற மூளைக்குள் அனுப்பினால் அது என்ன செய்யும் என்று முன்கூட்டியே உத்தரவாதம் கொடுக்க யாரால் முடியும்?

அதுவும் போய்ச் சேர்ந்தால்தானே. வளர்ப்பில் பெருகிய இந்த செல்கள் பருமனானவை. மூளையின் நுண்குழாய் பத்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அகலம், இவை அதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். கையில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் ரத்தம் முதலில் போகும் இடம் நுரையீரல். பெரும்பாலான செல்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன, ஓரிரு நாளில் நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. இது எலியில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். அப்படியும் சில ஆய்வுகளில் நன்மை தெரிந்தது ஏன் என்றால், சிக்கிய செல்கள் நுரையீரலில் இருந்தபடியே அழற்சியைக் குறைக்கும் பொருட்களை ரத்தத்தில் கலக்கின்றன. செத்து விழுங்கப்படுவதேகூட விழுங்கிய செல்லின் குணத்தைச் சாந்தமாக்குகிறது. இதுதான் இந்தத் துறையின் உண்மையான நம்பிக்கை, நானும் அதில் நம்பிக்கை உள்ளவன்தான். செல் மூளையாக மாறும் என்பதில் இல்லை, அது அனுப்பும் செய்தி அழற்சியை அடக்கலாம் என்பதில்.

அந்த நம்பிக்கை மனிதர்களில் எங்கே நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். நரம்பு இழைகளின் உறையைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 144 பேரிடம் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது: ஊசி பாதுகாப்பாக இருந்தது, ஆனால் மூளையில் புதுப் புண்கள் வருவதை அது குறைக்கவில்லை. தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய்க்கு, மஜ்ஜை செல்லை மாற்றியமைத்து முதுகுத்தண்டு வழியாகக் கொடுத்த மூன்றாம் கட்ட ஆய்வு 2020-ல் தன் முக்கிய இலக்கை எட்டவில்லை. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு அதற்கு எதிராகவே வாக்களித்தது. ஜப்பானில் 2024-ல், தலைக்காயத்தால் நெடுநாளாகக் கை கால் செயலிழந்தவர்களுக்கு, அறுவை சிகிச்சை செய்து நேரடியாக மூளைக்குள் வைக்கும் ஒரு மீசென்கைமல் தயாரிப்புக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இந்த வகை செல்லுக்கு முதல் அனுமதி 2024 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் மூளைக்கு இல்லை, மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் ஒரு கடுமையான எதிர்வினைக்கு. அல்சைமருக்குச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, பாதுகாப்பு பற்றிச் சாதகமான செய்தி உண்டு, அம்மாவுக்கு நினைவு திரும்பும் என்று சொல்ல அவற்றில் எதுவும் போதாது.

"சொந்த செல், பக்கவிளைவே இல்லை" என்பதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை வரவழைக்கும் வாக்கியம். உடம்புக்கு வெளியே வந்து, வாரக்கணக்கில் தட்டில் வளர்ந்து, வேறு திரவத்தில் ஊறித் திரும்பும் செல் பழைய செல் இல்லை. கிருமி கலக்கலாம். 2018-ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்த தயாரிப்பை ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேருக்கு பாக்டீரியா தொற்று வந்ததை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்தது. 2017-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த தங்கள் சொந்த செல்லைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்த ஒருவர் மூன்று நாடுகளில் முதுகுத்தண்டு வழியாகப் பலவகை செல்களைச் செலுத்திக்கொண்டு, பிறகு அவர் முதுகுத்தண்டிலேயே வேறொருவரின் செல்லால் ஆன கட்டி வளர்ந்ததை 2016-ல் பதிவு செய்திருக்கிறார்கள். அவருக்குச் செலுத்தியவற்றில் கருவின் நரம்பு செல்களும் இருந்தன, அதனால் அம்மாவுக்கு அதே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் குப்பியில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் "சொந்த செல்" என்பது வெறும் வாய்வார்த்தைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பார்கின்சன் நோயாளி, ஓய்வு பெற்ற ஆசிரியர், இப்படி ஒரு இடத்தில் முதுகில் ஊசி போட்டுக்கொண்டு நான்காம் நாள் காய்ச்சலோடும் கழுத்தை அசைக்க முடியாத வலியோடும் வந்தார். மூளையுறை அழற்சி. பிழைத்துக்கொண்டார். பரிசோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை, செலுத்திய திரவத்தில் என்ன இருந்தது என்று கேட்டு அவர் மனைவி தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார், பதில் வரவேயில்லை. அவர் கையில் இருந்தது பணம் கட்டிய ரசீதும் ஒரு வண்ண விளம்பரத் தாளும். அந்த ரசீதை அவர் மனைவி நான்காக மடித்து, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து எனக்குக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதற்காக ஸ்டெம் செல் ஆய்வு எதிலும் சேரக் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையான ஆய்வு ஒன்றில் அம்மாவுக்கு இடம் கிடைத்தால் நானே முன்னின்று பேசுவேன். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆய்வுக்காகச் செலுத்தும் செல்லுக்கு நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். பொதுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், கேட்டால் கையில் கொடுப்பார்கள். பல ஆய்வுகளில் ஒரு பகுதிப் பேருக்கு வெறும் திரவம் போகும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வருபவர் எல்லோரையும் சேர்க்க மாட்டார்கள், பலரைத் திருப்பி அனுப்புவார்கள். மறதி, ஆட்டிசம், மூட்டுவலி, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, மோசமாகப் போனால் எந்த மருத்துவமனை பொறுப்பேற்கும், எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பது.

அப்புறம், அம்மாவின் மூளையில் ஏற்கெனவே இருக்கும் அந்தக் காவல் செல்கள். சேமிப்பைக் கரைக்காமல் அவற்றுக்கு இப்போதே ஏதாவது செய்ய முடியும். உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நுண்குழாயைத்தான் முதலில் கெடுக்கின்றன. சர்க்கரை பெரிசைட்டை அழிப்பதைக் கண்ணின் விழித்திரையில் பல பத்தாண்டுகளாகவே பார்த்துவருகிறோம், விழித்திரை மூளையின் ஒரு நீட்சிதான். 2019-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்ததாகக் காட்டியது. அம்மாவுக்கு ஏற்கெனவே நோய் வந்துவிட்டது, அந்தக் கணக்கு அப்படியே அவருக்குப் பொருந்தாது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் அளவுக்கு அழுத்தத்தை இறக்கவும் கூடாது. ஆனால் வீட்டில் காலையும் இரவும் அளந்து ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கடிதத்தில் மாத்திரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், அழுத்தம் எவ்வளவு என்று எழுதவில்லை. காது கேட்பதைச் சோதித்தாயிற்றா? பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? தூக்கத்துக்கோ சிறுநீர் அவசரத்துக்கோ வேறு மாத்திரை எடுக்கிறாரா? அவற்றில் சில மறதியை அதிகமாக்கும், ஒரு மாத்திரையை நிறுத்தியதில் முகம் தெளிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்ப நிலை என்பதால் இன்னொன்றும் கேளுங்கள். அமிலாய்டை அகற்றும் லெகனமாப், டொனனமாப் என்ற ஆன்டிபாடி மருந்துகள் சில நாடுகளில் 2023, 2024-ல் அனுமதி பெற்றுவிட்டன. நோயைக் குணப்படுத்துவதில்லை, லெகனமாப் ஆய்வில் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது, அந்த வித்தியாசத்தைக் குடும்பத்தார் உணர முடியுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூளையில் வீக்கமும் நுண்கசிவும் வரலாம், அதனால் இந்த ஆபத்தைக் கூட்டும் அபோஇ4 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்த்து, அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஏற்றதில்லை. ஆனாலும் அது எண்களோடு, ஆபத்தை முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கப்படும் மருந்து. அந்த மையத்தில் பேசியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மாவின் வயது இருக்கிறது, நோய் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, அம்மா என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்க முடியும். முதுகில் ஊசி வேண்டுமா, அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும், பின்னால் தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று இந்த வாரமே, காலை நேரத்தில், அவர் தெளிவாக இருக்கும்போது உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதையும் ரத்த அழுத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அவருடைய நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு.